நாலாவது வரிசை, ஏழாம் நாற்காலி

செப்டம்பர் 17, செவ்வாய்

காலையில் புல்லெல்லாம் உறைபனி. கார் கண்ணாடியை வங்கி அட்டையால் சுரண்டினேன். சுரண்டுவதற்கென்று வாங்கிய சாமானை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. போன மார்ச்சிலும் தெரியவில்லை.

பயிற்சி முகாம் முடிந்தது. கழித்துக் கட்டியது போக மிஞ்சிய பையன்களில் இருபது வயதுக்காரர்கள் நான்கு பேர். அங்கேதான் தலைவலி. இந்த ஜூனியர் ஐஸ் ஹாக்கி லீக்கில் இருபதைத் தொட்டவன் கிழவன். ஓர் அணிக்கு மூன்று கிழவர்கள்தான். அக்டோபர் 15 வரை நாலாமவனைக் கூட வைத்துக்கொள்ளலாம்; ஆனால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நால்வரில் ஒருவன் உடை மாற்றாமல் பார்வையாளர் இருக்கையில் உட்கார வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு நாலாமவன் வேறு அணியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டில். வீட்டில் என்றால் அவனுடைய ஹாக்கி அவ்வளவுதான். அடுத்த வருஷம் இருபத்தொன்று ஆகிவிடும், எந்த ஜூனியர் அணியும் எடுக்காது.

டாரன் மெல்னிக்: கோல்கீப்பர். ஆட்ட நாளில் மனிதர்களோடு பேசமாட்டான், கோல் கம்பங்களோடு மட்டும் பேசுவான். கம்பங்களும் அவனுக்காக நிறையத் தடுத்துக் கொடுத்திருக்கின்றன.

ரெனே டெலோர்ம்: கோல் அடிப்பவன். மற்ற எந்த வேலைக்கும் எழுந்திருக்கமாட்டான்.

கிளேட்டன் தீசன்: தடுப்பாட்டக்காரன். வாசலில் வந்து நின்றால் அறைக்கு விளக்குப் போட வேண்டும். பாதி மனசு எப்போதும் அவன் அப்பாவின் வயலில்.

வெஸ் ஹால்வர்சன்: கேப்டன். மூன்றாவது வருஷமாக எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறான். வெளியூர்ப் பையன்களுக்கு ஊரில் ஆளுக்கொரு குடும்பம் இடம் தரவேண்டும், எங்கள் பங்குக்கு வெஸ். என் மனைவி டோரீன் பெறாத பிள்ளை. நான் திட்டாத பிள்ளை. டோரீனின் கணக்கில் இந்த வீட்டில் அவன் முதல், நாய் இரண்டாவது, நான் மூன்றாவது.

நான்கில் ஒன்றை நான்தான் கழிக்க வேண்டும். கோச்சும் நான், மேலாளரும் நான். பஸ் ஓட்டுகிறவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் அதுவும் நான்.

செப்டம்பர் 20, வெள்ளி

முதல் ஆட்டம். யாரை உட்காரவைப்பது? முறை போட்டு ஆளுக்கொரு ஆட்டம் உட்காரவைப்பதாக ஏற்பாடு. முதல் முறை வெஸ்ஸுக்கு. ஏன் அவன்? முனகமாட்டான் என்பதால்.

டோரீன் அதைக் கோழைத்தனம் என்றாள். நிர்வாகத் திறமை என்றேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தை இருக்கும், இருவருக்கும் அது வாயில் வரவில்லை.

வெஸ் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு டோரீனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். நாலாவது வரிசை, ஏழாம் நாற்காலி. கையில் ஒரு ஹாட்டாக். 5–2 என்று ஜெயித்தோம். போன வருஷம் மொத்தத்திலும் எங்கள் அணி ஐந்து கோல் போட்ட ஆட்டம் எனக்கு ஞாபகமில்லை.

செப்டம்பர் 21, சனி

இன்று கிளேட்டனின் முறை. ஆனால் நேற்று ஜெயித்துவிட்டோமே. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எதையாவது மாற்றுவேனா? முப்பது வருஷமாகப் பனித்தரையில் நின்றவன் நான். அதே டை, அதே காலுறை, பஸ் நிறுத்தும் அதே மூலை. வெஸ் அதே நாற்காலி.

4–1. ஜெயித்தோம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

காலுறையைத் துவைக்கப் போடவில்லை. டோரீன் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன்.

செப்டம்பர் 28, சனி

நேற்றும் இன்றும் வெற்றி. தொடர்ந்து நான்கு. எங்கள் அணிச்சின்னம் கோஃபர்; வயலில் வளை தோண்டி நிமிர்ந்து நிற்குமே, அந்தத் தரை அணில். மற்ற ஊர்க்காரர்கள் ஓநாய், கரடி என்று வைத்துக்கொண்டார்கள். இவ்வளவு காலமாக அணிலைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது பட்டியலில் எங்களுக்குக் கீழே கிடக்கிறார்கள்.

இதில் ஒரு சங்கடம். ஊர் கவனித்துவிட்டது.

வெஸ் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஜெயிக்கிறோம் என்று காப்பிக் கடையில் பேச்சு. பேச்சோடு நின்றால் பரவாயில்லை, ஆராய்ச்சி வேறு நடக்கிறது. இன்று ஆட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் பாதிரியாருக்குக் கை கொடுக்க வெஸ் ஹாட்டாக்கை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினானாம். அந்த நேரம் பார்த்து எதிரணி கோல் போட்டது. உடனே முன்வரிசையிலிருந்து மூன்று பேர் திரும்பி முறைத்தார்கள். பாதிரியாரே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கையை இழுத்துக்கொண்டார். இனிமேல் இடது கைதான். கடுகுச் சாறு ஒரு கோடுதான்.

அணி ஊருக்குச் சொந்தம். நிர்வாகக் குழுவின் தலைவர் வெர்னா கோசாக். இறுதிச்சடங்கு நிலையம் நடத்துகிறவர். யாரைப் பார்த்தாலும் கண்ணாலேயே நீள அகலம் எடுப்பார். ஆட்டம் முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, அந்தப் பையன் உட்காருகிற விதம் தனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்றார். அவர் வாயிலிருந்து வந்தால் இதைக்கூடப் பயத்தோடுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 1, செவ்வாய்

பாத்திரம் கழுவும் இயந்திரம் மறுபடி தண்ணீர் கக்கியது. வெஸ் தரையில் படுத்துச் சரி செய்தான். நான் டார்ச் பிடித்தேன். இயந்திரத்துக்குள் தலையை விட்டபடியே கேட்டான்:

“கோச், வெள்ளிக்கிழமை நான் ஆடுறேனா?”

“பாக்கலாம்.”

உள்ளே ஏதோ ஒரு திருகை இறுக்கினான். பிறகு, “மூணு வருஷமா இந்த வீட்ல இருக்கேன். நீங்க ‘பாக்கலாம்’னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும் கோச்” என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருக்கலாம். டார்ச்சை மட்டும் நேராகப் பிடித்தேன்.

அக்டோபர் 5, சனி

ஆறு.

அக்டோபர் 6, ஞாயிறு

இங்கே எழுதுவதை யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் உண்மையை எழுதுகிறேன். ஹாக்கி தெரிந்த கண்ணால் பார்த்தால் போக வேண்டியவன் கிளேட்டன். நல்ல பையன்தான், ஆனால் திரும்புவதற்குள் சாப்பாட்டு வேளை வந்துவிடுகிறது. நேற்று தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருந்தவன் பெட்டி காவலரிடம் நாளைக்கு மழை உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தான். வயலில் இன்னும் கனோலா அறுக்காமல் கிடக்கிறதாம்.

வெஸ் அப்படியில்லை. அவன் பந்தயக் குதிரை கிடையாது, ஆனால் மூன்றாம் கட்டத்தில் எல்லாரும் மூச்சு வாங்கும்போது அவன்தான் முதலில் சுவரோரம் போய் முட்டுவான். சின்னப் பையன்கள் அவனைப் பார்த்துத்தான் எழுந்து ஓடுவார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்தும் ஏன் உட்காரவைக்கிறேன்? ஆறு வெற்றிகளால். ஒரே ஒரு மாற்றம் செய்து தோற்றால் இந்த ஊரில் நான் பெட்ரோல்கூடப் போட முடியாது. நான் இவனை ஆடவிட்டால் ராசி கெடும், ஊர் என்னைத் தின்னும். இவனை வெளியே அனுப்பினாலும் நாற்காலி காலியாகும், ராசி கெடும், ஊர் என்னைத் தின்னும். விதிப்படி இப்படியே வைத்திருக்கவும் முடியாது. பதினைந்தாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்.

வெஸ்ஸுக்குச் சட்டைக் காலர் இறுக்கமாகிவிட்டது. ஹாட்டாக்.

அக்டோபர் 8, செவ்வாய்

நிர்வாகக் குழுக் கூட்டம். என் வாழ்நாளில் இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. ஆட்டக்காரர்கள், தடுப்பு, தாக்குதல் என்று ஒரு வார்த்தை இல்லை. முக்கால் மணி நேரம் ஒரு நாற்காலியைப் பற்றிப் பேசினோம்.

வெர்னா வைத்த தீர்மானம்: பதினைந்தாம் தேதி வெஸ்ஸை ஆட்டக்காரர் பட்டியலிலிருந்து நீக்குவது, மறுநாளே அவனை அணியின் ஊழியனாகச் சேர்ப்பது. பதவியின் பெயர் இருக்கை ஒருங்கிணைப்பாளர். வேலை, உட்காருவது. விதியும் மீறப்படாது, நாற்காலியும் காலியாகாது. எல்லாரும் கை தட்டினார்கள். பொருளாளர் மட்டும் ஹாட்டாக் அவன் செலவா அணியின் செலவா என்று கேட்டார்.

எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். இருமினேன். தண்ணீர் வேண்டுமா என்றார்கள்.

அக்டோபர் 10, வியாழன்

பனி ரிங்க்குக்குப் போனால் ஏழாம் நாற்காலியின் முதுகில் பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு. வெஸ் ஹால்வர்சன் என்று அழகான எழுத்தில் செதுக்கியிருந்தது. வெர்னாவின் அன்பளிப்பு. அவருடைய இறுதிச்சடங்கு நிலையத்தில் இந்தத் தகடுகளை வழக்கமாக எதன் மேல் ஆணியடிப்பார்கள் என்று ஊருக்கே தெரியும்.

வெஸ் பயிற்சிக்கு வந்தவன் தகட்டைப் பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான்.

“தேதி போட இடம் விட்ருக்காங்க கோச்” என்றான்.

நாளை அவனை ஆடவிடப் போகிறேன். முடிவு செய்துவிட்டேன். கிளேட்டன் உட்காரட்டும். ஊர் என்னைத் தின்றால் தின்னட்டும்.

அக்டோபர் 11, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

வெஸ்ஸிடம் மத்தியானமே சொன்னேன். நேரே கீழ்த்தளத்துக்குப் போனான். கீழேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. அவ்வளவு மோசமாகப் பாடக்கூடியவன் என்று மூன்று வருஷத்தில் எனக்குத் தெரியாது. டோரீன் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

உடை மாற்றி, கேப்டனுக்கான ‘சி’ எழுத்து போட்ட சட்டையோடு பனியில் இறங்கி வலம் வந்தான். ரிங்க் அமைதியாகிவிட்டது. வெஸ்ஸைப் பார்த்து இல்லை, ஏழாம் நாற்காலியைப் பார்த்து. அதில் கிளேட்டன் உட்கார்ந்திருந்தான், வலது கையில் பாப்கார்ன் வைத்துக்கொண்டு. யாரோ ஓர் அம்மாள் அழுதார். வெர்னா பெஞ்சுக்குப் பின்னால் வந்து நின்று என்னை மேலிருந்து கீழாக அளந்தார்.

நான் வெஸ்ஸைக் கூப்பிட்டேன். “கழட்டிடு” என்றேன்.

நானா சொன்னேன்? நான்தான்.

அவன் போய்க் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். யாரோ ஹாட்டாக்கைக் கையில் திணித்தார்கள். 3–2, ஜெயித்தோம், ஏழாவது. கடைசி வரை அவன் அதைக் கடிக்கவே இல்லை. வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தான். பெஞ்சிலிருந்து எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஜெயித்துவிட்டு வெட்கப்படுவது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 12, சனி

டோரீன் நாயோடு மட்டும் பேசுகிறாள். நாயிடம் என்னைப் பற்றிச் சொல்கிறாள்.

அக்டோபர் 14, திங்கள்

நன்றி சொல்லும் நாள் விருந்து. ஊருக்குப் போக முடியாத பையன்களை அழைப்பது டோரீனின் வழக்கம். இந்தத் தடவை அவள் நான்கு கிழவர்களையும் அழைத்துவிட்டாள். வேண்டுமென்றேதான். நாளை கடைசி நாள், நால்வரும் மேசையில் எனக்கு எதிரே வரிசையாக.

வான்கோழி கொஞ்சம் காய்ந்துவிட்டது, பூசணி இனிப்பு பிரமாதம். சாப்பிடுமுன் ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும், அது எங்கள் மேசை வழக்கம். ரெனே குழம்புக்கு நன்றி சொன்னான், கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தபடி. டாரன் இடது கம்பத்துக்கு நன்றி சொன்னான். வலது கம்பத்தோடு இப்போது மனஸ்தாபமாம். கிளேட்டன் மழை பெய்யாததற்கு நன்றி சொன்னான்.

வெஸ் முறை வந்தது. “டோரீன் அம்மாவுக்கு நன்றி. இந்த வீட்டுக்கு நன்றி” என்றான். பிறகு நேரே என்னைப் பார்த்தான்.

“கோச், நான் ஆட வந்தவன். உக்கார வந்தவன் இல்ல. எங்கயாவது ஆடவிடுற எடத்துக்கு என்னை அனுப்பிடுங்க. எவ்வளவு மட்டமான டீமா இருந்தாலும் பரவால்ல.”

கிளேட்டன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “கோச், நானும் ஒண்ணு சொல்லணும்னு—” என்று ஆரம்பித்தான்.

“நீ சாப்பிடு” என்றேன். இந்த நேரத்தில் இவன் வேறு மழையைப் பற்றி ஆரம்பிக்கிறானே என்று எரிச்சல்.

கிளேட்டன் சாப்பிட்டான். சொன்ன பேச்சுக் கேட்கிற பையன்.

அக்டோபர் 15, செவ்வாய்

டன்பரி அணியின் மேலாளர் லைல் ப்ரூடனுக்குப் போன் போட்டேன். புள்ளிப் பட்டியலில் கடைசி இடம் அவர்களுடையது. லைலும் நானும் ஒரே அணியில் ஆடியவர்கள். என் முன்பற்களில் ஒன்று அவன் மட்டையால்தான் போனது, பயிற்சியில்.

“வெஸ்ஸ எடுத்துக்கிறியாடா?”

“அந்த நாற்காலிப் பையனா? அவன் ஆடுவானாடா?”

அப்போதுதான் உறைத்தது. அடுத்த ஊர் வரைக்கும் அவன் பெயர் அதுவாகிவிட்டது. நான் ஆக்கியது. என்னிடம் இருப்பவர்களிலேயே நேர்மையான ஆட்டக்காரன் அவன்தான் என்றேன். அப்படியானால் ஏன் தருகிறாய் என்று கேட்டான். போன் லைன் சரியில்லை என்றேன்.

பதிலுக்குக் கொடுக்க அவனிடம் ஒன்றுமில்லை. மரியாதைக்கு ஏதாவது வேண்டுமே என்று ஒரு பெட்டி பக் தருகிறேன் என்றான். சரி என்றேன். ஒரு கேப்டனைக் கொடுத்துவிட்டு ஒரு பெட்டி ரப்பர் வில்லைகள் வாங்கியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, வெஸ் சாமான் கட்ட உதவி வேண்டுமா என்று டோரீனைக் கேட்டேன். நான்கு நாளில் முதல் தடவையாக நேராக என்னிடம் பேசினாள்.

“டீமை விட்டு யாரை வேணா அனுப்பு மெர்வ். அது உன் இஷ்டம். இந்த வீட்டை விட்டு அனுப்ப உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?”

“டன்பரியில அவனுக்கு வேற வீடு பாத்துக் குடுப்பாங்க டோரீன். அதான் முறை.”

“டன்பரி அரை மணி நேரம். அவங்கிட்ட கார் இருக்கு. அந்தக் கீழ்த்தளத்துல அவன்தான் இருப்பான். உனக்குப் பிடிக்கலைன்னா டன்பரியில உனக்கு ஒரு வீடு பாக்கச் சொல்றேன்.”

ஆக, எதிரணி ஆட்டக்காரன் ஒருவன் என் வீட்டில் குடியிருக்கப் போகிறான். என் ஷாம்பூவைப் பயன்படுத்திக்கொண்டு.

அக்டோபர் 18, வெள்ளி

வெஸ் இல்லாத முதல் ஆட்டம். வெர்னா ஏழாம் நாற்காலியில் ஒரு துண்டு விரித்து, அதன் மேல் ஹாட்டாக் ஒன்றை வைத்தார். இடது பக்கமாக. நல்ல கறுப்புத் துண்டு, எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

6–0. ஆறும் எங்களுக்கு விழுந்தது.

அக்டோபர் 19, சனி

ஹாட்டாக் தனியாக இருந்தால் போதாது, ஆள் வேண்டும் என்று குழு முடிவு செய்தது. கோஃபர் வேஷம் போடுகிறவரை உட்காரவைத்தார்கள். வால் நாற்காலியில் கொள்ளவில்லை. ஆட்டம் முழுக்க ஆறாம் நாற்காலிக்காரர் வாலை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். 5–1, தோல்வி.

அக்டோபர் 27, ஞாயிறு

தொடர்ந்து நான்கு தோல்வி. காலையில் பான்கேக்.

“நேத்து எப்படி கோச்?” என்று கேட்டான் வெஸ்.

“தோத்துட்டோம். உங்களுக்கு?”

“ஜெயிச்சிட்டோம். தொடர்ந்து நாலு.” கொஞ்சம் நிறுத்தி, “நான் ரெண்டு போட்டேன்” என்றான். சிரிப்பை மறைக்கக் காப்பிக் கோப்பையை ரொம்ப நேரம் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டான். காலர் இப்போது அவனுக்குத் தொளதொளவென்று இருக்கிறது.

என்னால் சந்தோஷப்படாமல் இருக்க முடியவில்லை. காட்டிக்கொள்ளவும் முடியவில்லை. சிரப்பைத் தள்ளிவைத்தேன், அவன் பக்கம்.

ஆட்டத் திட்டம் வரைந்த வெள்ளைப் பலகை சாப்பாட்டு அறையில் இருக்கிறது. அவன் மேலே வரும்போதெல்லாம் குளியல் துண்டு போட்டு மூடுகிறேன். நேற்று மூட மறந்துவிட்டேன். வந்து பார்த்தால் ஓரத்தில் சின்னதாக, ‘இந்த ஆள் இடது பக்கம் நல்லா ஆடுவான் கோச்’ என்று எழுதியிருக்கிறது. உண்மைதான். மாற்றிவிட்டேன்.

பயிற்சி டன்பரி பக்குகளோடுதான் நடக்கிறது. ஒவ்வொன்றிலும் அவர்களுடைய நரி பல்லைக் காட்டுகிறது.

நவம்பர் 1, வெள்ளி

கிளேட்டன் அலுவலகத்துக்கு வந்தான். வாசலில் நின்றான், விளக்கைப் போட்டேன்.

ஊருக்குப் போகிறானாம். அப்பாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை, மாடுகளைப் பார்க்க ஆள் இல்லை. அது மட்டுமில்லை, ஹாக்கி போதும் என்று கோடையிலேயே அவனுக்குத் தோன்றிவிட்டதாம். எல்லாரும் ஆசையாக வைத்திருக்கிறார்களே, எப்படிச் சொல்வது என்று இருந்தானாம்.

“பதினஞ்சாம் தேதிக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே தம்பி.”

“அன்னிக்கி விருந்துல சொல்ல வந்தேன் கோச். நீங்க சாப்பிடச் சொன்னீங்க.”

நான் மேசையில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டேன். என்ன ஆச்சு கோச் என்று அவன் கேட்டான். ஒன்றுமில்லை, மழை வருமா என்று பார்க்கிறேன் என்றேன்.

ஒரு மாசமாக நான் மூளையைப் பிழிந்தேனே— ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி நால்வரிடமும் கேட்டிருந்தால்? ‘யாருக்குடா போகணும்?’ அவ்வளவுதானே?

இப்போது என்னிடம் இரண்டே கிழவர்கள். ஓர் இடம் காலி. லைலுக்குப் போன் போட்டேன். பக் பெட்டியைத் திருப்பித் தருகிறேன், கூடவே ஒரு நல்ல தடுப்பாட்டக்காரனும் தருகிறேன், வெஸ்ஸைக் கொடு என்றேன்.

“முடியாதுடா.”

“ரெண்டு தடுப்பாட்டக்காரன்.”

“நாங்க ஜெயிச்சிட்டிருக்கோம் மெர்வ். ஜெயிக்கும்போது எதையாச்சும் மாத்துவாங்களா? உனக்குத் தெரியாததா?”

எனக்குத் தெரியாததில்லை.

நவம்பர் 8, வெள்ளி

டன்பரி எங்கள் ஊருக்கு ஆட வந்தது. டோரீன் வழக்கமான இடத்தில், ஏழாம் நாற்காலிக்குப் பக்கத்தில். டன்பரி சட்டை போட்டிருந்தாள், முதுகில் ஹால்வர்சன். கோச்சின் மனைவி. ஊரில் ஒருவரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கக் கூடியவர்கள் யாரும் இந்த ஊரில் பிறக்கவில்லை.

மூன்றாம் கட்டம், எங்கள் பையன்கள் மூச்சு வாங்குகிறார்கள். வெஸ் சுவரோரம் முட்டி, பக்கைப் பிடுங்கி, டாரனைத் தாண்டிப் போட்டான். டாரன் மனஸ்தாபம் கொண்டிருந்த அந்த வலது கம்பத்தில் பட்டு உள்ளே போனது. அவர்களுக்கு 2–1.

ரிங்க் எழுந்து நின்று கை தட்டியது. எங்கள் ரிங்க். பாதியில்தான் அது எதிரணி கோல் என்று அவர்களுக்கு நினைவு வந்தது, வெர்னா தன் இரண்டு கைகளையும் யாருடையவோ மாதிரி பார்த்தார். ஆனால் நிறுத்தவில்லை.

ஆட்டம் முடிந்து வரிசையில் கை கொடுக்கும்போது வெஸ் என்னிடம் வந்தான். இந்த மூன்று வருஷமாக நான் அவனிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். “அன்னிக்கி உன்னைக் கழட்டச் சொன்னது தப்புடா” என்றேன்.

“தெரியும் கோச்” என்றான். “வரும்போது பால் வாங்கிட்டு வரணுமா?”

வாங்கி வரச் சொன்னேன்.

நவம்பர் 16, சனி

எங்களுக்கு இன்று ஆட்டமில்லை. டன்பரிக்கு அவர்கள் ஊரில் ஆட்டம். “வர்றியா?” என்றாள் டோரீன், கார் சாவியை ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டு. நம் அணித் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாதாரணக் கம்பளித் தொப்பியோடு போனேன். எதிரணியை வேவு பார்க்கப் போவதாக யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

அவள் எனக்கு ஒரு ஹாட்டாக் வாங்கிக் கொடுத்தாள். பனியில் வலம் வந்த வெஸ் எங்களைப் பார்த்தான், பிறகு என் கையைப் பார்த்தான். கண்ணாடிச் சுவரை மட்டையால் தட்டி, எதையோ சொன்னான். கேட்கவில்லை. ஆனால் எந்தக் கை என்று புரிந்தது. மாற்றிக்கொண்டேன்.

எனக்குத் தெரியாது, இது இவ்வளவு கஷ்டமென்று. ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பது. கால் தரையில் நிற்கவில்லை, வாய் காய்கிறது, கத்தினால் கேட்காது, எழுந்தால் மறைக்கிறது என்கிறார்கள். பெஞ்சில் நிற்பவனுக்கு இதெல்லாம் தெரியாது. ஏழு ஆட்டம் அவனை இப்படி உட்காரவைத்திருக்கிறேன். ஏழு ஆட்டம்.

2–2 என்று நின்றபோது எனக்குக் கழிப்பறைக்குப் போயே ஆக வேண்டும். எழுந்தேன். டோரீன் கோட்டைப் பிடித்து இழுத்தாள். பின்வரிசையில் இருந்த டன்பரிக்காரர் ஒருவர், முன்பின் தெரியாதவர், என் தோளில் கை வைத்து, “உக்காருங்க சார். நல்லாத்தானே போயிட்டிருக்கு” என்றார்.

உட்கார்ந்தேன். வெஸ் போட்டான். 3–2.

நான் கத்தியது எனக்கே கேட்டது. கடுகுச் சாறு டோரீனின் தோளில்.

வெளியே வரும்போது லைல் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். “அடுத்த சனியும் வந்துடுடா” என்றான். “அதே சீட்டு. டிக்கெட் நான் எடுத்து வைக்கிறேன்.”

அடுத்த சனி எங்களுக்கே ஆட்டம் இருக்கிறது. நான் கோச். அணில்கள் ஆறு ஆட்டமாக ஜெயிக்கவில்லை.

“பாக்கலாம்” என்றேன்.

வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றித் துவைக்கிற கூடை வரை கொண்டு போனேன். பிறகு திரும்பக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன்.